கசடு எங்கே போகிறது என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநகரங்களில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்படும்போதெல்லாம் தங்கள் நாளிதழிலும் பிற நாளிதழ்களிலும் வெளியாகும் செய்திகளைத் தவறாமல் படித்து வருகிறேன். நாளொன்றுக்கு எத்தனை மில்லியன் லிட்டர் கொள்ளளவு, என்ன தொழில்நுட்பம், மதிப்பீடு எவ்வளவு, திறந்து வைத்தவர் யார் என்ற விவரங்கள் அவற்றில் இருக்கும். வெளியேறும் நீரைக் கண்ணாடிக் குவளையில் ஏந்தி வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டும் படமும் பெரும்பாலும் இருக்கும். அந்த நிலையத்திலிருந்து நாள்தோறும் எவ்வளவு கசடு வெளியேறும், அது எந்த வண்டியில் ஏறி எங்கே போய்ச் சேரும் என்ற ஒரு வரியைத்தான் காண்பது அரிதாக இருக்கிறது. கழிவுநீர் நிலைய ஆய்வகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு நிலையம் உண்மையிலேயே இயங்குகிறதா என்று அறிய, குவளை நீரைவிட அந்த ஒரு வரியே மேலான சான்று என்பதை விளக்க இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீரல்லாத பொருள். சுத்திகரிப்பு என்று நாம் சொல்வது, அந்த ஒரு பங்கில் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்களைக் கொண்டு வாயுவாக்கிக் காற்றோடு அனுப்பிவிட்டு, எஞ்சியதை நீரிலிருந்து பிரித்து ஓரிடத்தில் சேர்ப்பதே. அப்படிச் சேர்ந்ததன் பெயர்தான் கசடு. கழிவு, நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனை எந்த அளவுக்கு உறிஞ்சும் என்பதைக் குறிக்கும் பி.ஓ.டி. என்ற அளவை, ஒரு மனிதருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் என்று வைத்துக்கொள்வது பொறியாளர்களின் வழக்கம். ஒரு லட்சம் பேர் வாழும் நகரில் அது 5,000 கிலோ. நிலையம் அதில் பத்தில் ஒன்பது பங்கை நீக்குகிறதென்றால் 4,500 கிலோ. நீக்கப்படும் ஒவ்வொரு கிலோவுக்கும் அரை கிலோ உலர்ந்த கசடு உண்டாகிறது என்று குறைத்தே மதிப்பிட்டாலும், நாளொன்றுக்கு இரண்டேகால் டன் வருகிறது. இது ஈரமே இல்லாத எடை. இயந்திரத்தில் பிழிந்தெடுத்த கசட்டிலும் ஐந்தில் நான்கு பங்கு நீராகவே இருக்கும் என்பதால், லாரியில் ஏற்றும்போது அது பதினோரு டன்னைத் தாண்டும். பிழியாமல் படிவுத் தொட்டியின் அடியிலிருந்து நேரே எடுத்தால் இரண்டு லட்சம் லிட்டருக்கும் மேல்.

ஆகவே அத்தகைய நிலையத்தின் வாயிலில் பாரம் ஏற்றிய லாரி நாள்தோறும் ஒன்றிரண்டு வெளியே வந்தாக வேண்டும். வெயிலில் உலர்த்தி அனுப்பினால் எடை குறைந்து, வாரத்துக்குச் சில நடைகளாக மாறலாம். ஆனால் வாரக்கணக்கில் ஒரு வண்டியும் வரவில்லை என்றால் ஒருசில காரணங்கள்தாம் இருக்க முடியும். வீட்டு இணைப்புகள் கொடுக்கப்படாததால் நிலையத்துக்குக் கழிவுநீரே வந்து சேராமல் இருக்கலாம். வந்த கழிவுநீர் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு அப்படியே ஓடைக்குப் போகலாம். கசடு வளாகத்துக்குள்ளேயே ஏதோ ஒரு மூலையில் கொட்டப்பட்டிருக்கலாம். அல்லது, இதுவே நான் அதிகம் கண்டது, பிரித்தெடுத்த கசடு ‘சுத்திகரிக்கப்பட்ட’ நீரோடு சேர்ந்தே வெளியேறிக்கொண்டிருக்கலாம்.

கசடு என்றதும் வேண்டாத பொருள் என்றே எண்ணத் தோன்றும். நிலையத்தை நடத்துவதே அதுதான். 1914-ல் மான்செஸ்டர் நகரின் டேவிஹூம் கழிவுநீர் நிலையத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இரு வேதியியலர்கள், கழிவுநீரைப் பாட்டில்களில் அடைத்து அதனுள் காற்றைச் செலுத்திப் பார்த்த தங்கள் சோதனைகளை வெளியிட்டார்கள். முதல் முறை நீர் முழுமையாகத் தெளிய வாரக்கணக்கில் ஆயிற்று. அதுவரை இத்தகைய சோதனை செய்தவர்கள் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். இவர்கள் மேலே தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, அடியில் தங்கிய கசட்டை வைத்துக்கொண்டு அதன்மேல் புதிய கழிவுநீரை ஊற்றினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கசடு கூடியது, நேரம் குறைந்தது, கடைசியில் வாரங்கள் எடுத்த வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. கசட்டில் வாழும் பாக்டீரியாக்களே அந்த வேலையைச் செய்தன. இந்த ஆய்வுக்கு அவர்களைத் தூண்டிய கில்பர்ட் ஃபௌலர் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார் என்பதைப் போகிற போக்கில் குறிப்பிடலாம். இன்று உலகெங்கும் நகரங்களில் காற்றூட்டி இயங்கும் நிலையங்களில் பெரும்பாலானவை அந்தப் பாட்டில் சோதனையின் வழிவந்தவையே. கசட்டைத் தக்கவைக்க வேண்டும் என்பது அக்கண்டுபிடிப்பின் ஒரு பாதி. உணவு கிடைக்கும் வரை பாக்டீரியா பெருகிக்கொண்டே போகும் என்பதால், மிகுதியை நாள்தோறும் வெளியே எடுத்தாக வேண்டும் என்பது மறுபாதி. சிறுநகரங்களில் கைவிடப்படுவது இந்த மறுபாதிதான்.

கைவிடப்பட்டதை எப்படி அறிவது? இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. காலை ஷிப்ட் தொடங்கியதும் காற்றூட்டத் தொட்டியிலிருந்து, கழிவுநீரும் கசடும் சேர்ந்த ஒரு லிட்டர் கலவையை அளவுக் குடுவையில் மொண்டு, மேசைமேல் வைத்துவிட்டு அரை மணி நேரம் அசைக்காமல் விட வேண்டும். நல்ல கசடு பழுப்பு நிறத்தில் சிறு சிறு திரள்களாகக் கூடும். சில நிமிடங்களிலேயே மேலே தெளிநீருக்கும் கீழே கசட்டுக்கும் நடுவில் ஒரு கோடு விழும். அந்தக் கோடு நிதானமாக இறங்கி, அரை மணி முடிவில் 200, 300 மில்லி அளவில் நிற்கும். மேலே உள்ள நீரின் வழியாக எதிர்ச்சுவரில் தொங்கும் நாட்காட்டியின் தேதியைப் படிக்கலாம். மூக்கருகே கொண்டுபோனால் ஈர மண் வாசனை வரும். கசட்டை வெளியேற்றாத நிலையத்தில் அதே கோடு 800, 900 மில்லியிலேயே நின்றுவிடும், குடுவை முழுவதும் கசடாகவே தெரியும். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில், காற்றைச் செலுத்தும் ப்ளோவரை நிறுத்திவைத்த நிலையத்தில் கலவை கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். (காற்றூட்டத்துக்கே ஒரு நிலையத்தின் மின்செலவில் ஏறத்தாழ பாதி போகிறது என்பதால் அந்த ஆசை எளிதில் வரும்.) இந்தச் சோதனைக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், கண்ணும் கடிகாரமும் போதும். பதிவேட்டில் மாதம் முழுவதும் 250, 250, 250 என்று ஒரே கையெழுத்தில் ஒரே மையில் எழுதியிருப்பதைக் கண்டால், குடுவையை யாரும் தொடவில்லை என்று தைரியமாகச் சொல்லிவிடலாம்.

வெளியேற்றப்படாத கசடு நிலையத்திலேயே தங்கிவிடுவதும் இல்லை. படிவுத் தொட்டியின் அடியில் அதன் மட்டம் நாளுக்கு நாள் உயர்ந்து, விளிம்புக்கு அருகில் வந்து காத்திருக்கும். காலையில் ஊரே குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவிய நீர் மொத்தமாக வந்து சேரும் வேளையிலோ, மழைநீர் பாதாளச் சாக்கடைக்குள் புகுந்து வரத்து இரண்டு மடங்காகும் இரவிலோ, அது விளிம்பைத் தாண்டி வழியும். நாள் முழுவதும் மின்சாரம் செலவழித்து நீரிலிருந்து பிரித்தெடுத்த அழுக்கு சில மணி நேரத்தில் மொத்தமாக ஓடைக்குப் போய்விடும். அதன் பின் தொட்டி சில நாட்களுக்குத் தெளிவாக இருக்கும். நண்பகலில் ஆய்வுக்கு வருபவர் ஒரு பாட்டிலில் மாதிரி எடுத்துச் செல்வார். பி.ஓ.டி. சோதனை முடிய, முறைக்கு ஏற்ப, மூன்று நாளோ ஐந்து நாளோ ஆகும். முடிவு வரும்போது நீர் எங்கோ போயிருக்கும், தாளில் உள்ள எண்ணும் நன்றாகவே இருக்கும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் சங்கடம். 24 மணி நேரமும் சிறிது சிறிதாக எடுத்துச் சேர்த்த மாதிரி இந்த மறைப்பை ஓரளவு வெளிக்கொணரும் என்றாலும், அதற்கான கருவியோ ஆளோ சிறிய நிலையங்களில் இருப்பதில்லை.

தர அளவுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டனில் கழிவுநீர் குறித்து ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையம் 1912-ல் வெளியிட்ட அறிக்கையே, லிட்டருக்கு 20 மில்லிகிராம் பி.ஓ.டி., 30 மில்லிகிராம் மிதக்கும் திடப்பொருள் என்ற புகழ்பெற்ற வரம்பை வகுத்தது. ஆற்றில், அதில் விடப்படும் கழிவுநீரைப்போல் குறைந்தது எட்டு மடங்கு நன்னீர் ஓடிக்கொண்டிருக்கும் என்ற நிபந்தனையும் அதனுடன் சேர்ந்தே இருந்தது. நிபந்தனை மறந்துபோய் எண்கள் மட்டும் உலகெங்கும் பரவின. சிறுநகரத்தை ஒட்டிய ஓடையில் கோடைக்காலத்தில் நிலையத்தின் நீரைத் தவிர வேறு நீரே இராது. அந்த ஓடையில் ஒரே ஒரு இரவில் வழிந்த கசடு அடியில் படிந்து, அடுத்த பல வாரங்களுக்கு ஆக்ஸிஜனை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் யாருடைய வஞ்சகமாகவும் நான் பார்க்கவில்லை. கசடு புறக்கணிக்கப்படுவதற்கான ஏற்பாடு ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. சுத்திகரித்த நீரின் அளவைக் கணக்கிட்டுப் பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தில், வெளியே அனுப்பும் ஒவ்வொரு லோடு கசடும் ஒப்பந்ததாரருக்குச் செலவு, கசட்டை வெளியேற்றும் வால்வை மூடி வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் மிச்சம். வரைபடத்திலும் கசட்டை வெயிலில் உலர்த்தும் படுகைகள் கடைசி மூலையில்தான் இருக்கும், மதிப்பீட்டைக் குறைக்க நேர்ந்தால் முதலில் அவற்றின் எண்ணிக்கையே குறைக்கப்படும். குடிநீர், தெருவிளக்கு, சாலை எல்லாவற்றையும் ஒருவரே பார்க்கும் சிறுநகரப் பொறியாளருக்கு, மோட்டார் ஓடும் சத்தம் கேட்டால் நிலையம் இயங்குகிறது என்றே பொருள்.

படுகைகளின் நிலையையும் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். கீழே சரளை, மேலே மணல், அதன்மேல் 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கசட்டைப் பரப்புவார்கள். நல்ல வெயிலில் ஒன்றிரண்டு வாரங்களில் அது வறண்ட ஏரிப்படுகை போல வெடித்துவிடும், பாளம் பாளமாக மண்வெட்டியால் பெயர்த்து எடுக்கலாம். மழைக்காலத்தில் அது உலர்வதே இல்லை. படுகைகள் எல்லாம் நிரம்பிக் கிடப்பதால் புதிய கசட்டை எடுக்க இடமில்லாமல், தொட்டியின் வெளியேற்று வால்வை மூடிவிடுவார்கள். வரத்து பெருகி, கசடு அடித்துச் செல்லப்படும் ஆபத்து மிகுந்த அதே மாதங்களில்தான் இந்த வால்வு மூடப்படுகிறது. இதற்கு மாற்றாக வைக்கும் பிழிவு இயந்திரமும் பாலிமர் என்னும் திரட்டுப் பொருள் தீர்ந்தால் நின்றுவிடும். அதன் அடுத்த கொள்முதல் ஆணைக்காக மாதக்கணக்கில் துணி போர்த்திக் காத்திருந்த இயந்திரங்களை நான் பார்த்திருக்கிறேன்.

‘எங்கள் தொழில்நுட்பத்தில் கசடே உண்டாகாது’ என்று விற்பனையாளர்கள் சொல்வதை நகராட்சி உறுப்பினர்கள் கேட்டிருப்பார்கள். நீண்ட நேரம் காற்றூட்டினால் கசடு குறையும் என்பது உண்மை, இல்லாமல் போகும் என்பது உண்மையன்று. இதைச் சரிபார்க்கப் பாஸ்பரஸை எடுத்துக்கொள்ளலாம். கழிவில் உள்ள கார்பனில் ஒரு பகுதி கார்பன் டை ஆக்ஸைடாகவும், நைட்ரஜனில் ஒரு பகுதி நைட்ரஜன் வாயுவாகவும் காற்றில் கலந்துவிட முடியும். பாஸ்பரஸுக்கு அத்தகைய வழி நடைமுறையில் இல்லை. ஒவ்வொருவரிடமிருந்தும் நாள்தோறும் ஓரிரு கிராம் பாஸ்பரஸ் கழிவுநீரில் சேர்கிறது. அது ஒன்று நீரோடு போக வேண்டும், அல்லது கசட்டோடு போக வேண்டும். கசடே வெளியேறாத நிலையத்தில், உள்ளே வந்த பாஸ்பரஸ் முழுவதும் கீழேயுள்ள நீர்நிலைக்கே போகிறது. அங்கே ஆகாயத்தாமரை படர்ந்ததும் அதை அகற்ற வேறொரு டெண்டர் விடப்படுகிறது.

நிலம் தாராளமாகக் கிடைக்கும் சிறிய ஊர்களுக்கு, காற்றூட்டும் எந்திரம் எதுவும் தேவைப்படாமல், கழிவுநீரை அடுத்தடுத்த குளங்களில் தேக்கித் தெளியவைக்கும் தொடர்குளங்களே ஏற்றவை என்பது என் கருத்து. ஆனால் அங்கும் முதல் குளத்தில் கசடு படியவே செய்யும். குளத்தின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு கசடானதும் தூர்வார வேண்டும் என்பது பொது விதி. அந்த முறை சில ஆண்டுகளுக்கு ஒரு தடவைதான் வரும், அதற்குள் திட்டமிட்ட அதிகாரி மாறுதலாகிப் போயிருப்பார், அதற்கான ஒதுக்கீடும் எந்த நிதிநிலை அறிக்கையிலும் இராது.

கசட்டை எங்கே கொண்டுபோவது என்பது பெரிய நகரங்களுக்கும் எளிதாக விடை கிடைத்த கேள்வியன்று. நியூயார்க் 1992 வரையிலும், பிரிட்டன் 1998 வரையிலும் தங்கள் கசட்டைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தன. அதே காலத்தில், அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதலே தன் கசட்டைச் சூட்டில் உலர்த்தி உரமாக விற்று வந்தது. பெருநகரங்களுக்கு இல்லாத ஒரு வசதி சிறுநகரத்துக்கு உண்டு, விளைநிலம் அருகிலேயே இருக்கிறது. ஆனால் படுகையில் காய்ந்ததை அப்படியே வயலில் கொட்டிவிடவும் கூடாது. மனிதக் குடலில் வாழும் உருண்டைப்புழுவின் முட்டைகள் காய்ந்த கசட்டிலும் நெடுநாள் உயிரோடு இருக்கும். மனிதக் கழிவை வேளாண்மையில் பயன்படுத்துவது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், உலர்ந்த பொருளின் ஒரு கிராமுக்கு ஒரு முட்டைக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. தாவரக் கழிவுகளோடு கலந்து மக்கவைத்து, குவியலின் உட்பகுதி 55 டிகிரிக்கு மேல் பல நாட்கள் சூடாக இருக்குமாறு பார்த்துக்கொண்டால் அந்த நிலையை எட்டலாம். கையுறைகூட இல்லாமல் அந்தப் பாளங்களைப் பெயர்த்தெடுக்கும் தொழிலாளர்களை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும், அந்த முட்டைகள் முதலில் சேர்வது அவர்களின் நகக்கண்ணில்தான்.

முலாம் பூசும் பட்டறையோ, பேட்டரி உடைக்கும் கூடமோ தன் கழிவைச் சாக்கடையில் விட்டால், அதிலுள்ள நிக்கல், குரோமியம், ஈயம் ஆகியவற்றில் பெரும்பகுதி கசட்டில்தான் ஒட்டிக்கொள்ளும். எப்போதோ ஒரு நாள் எடுத்த நீர் மாதிரியில் அகப்படாத குற்றம், வாரக்கணக்கில் சேர்ந்த கசட்டில் அகப்படும். காலாண்டுக்கு ஒரு முறை கசட்டைப் பகுப்பாய்வு செய்தால், அது விவசாயிக்குப் பாதுகாப்பாக இருப்பதோடு, ஊரில் யார் எதைச் சாக்கடையில் கொட்டுகிறார்கள் என்ற விசாரணைக்கும் தொடக்கமாக அமையும்.

நகராட்சிகள் செய்ய வேண்டியவை பெரிய செலவில் அடங்குவன அல்ல. கசடு சேருமிடம் எது என்று முடிவான பிறகே நிலையத்துக்கான டெண்டரை வெளியிட வேண்டும். இயக்கும் ஒப்பந்தத்தில், எடைமேடையில் நிறுத்து வெளியே அனுப்பிய உலர் கசட்டின் டன் கணக்குக்குத் தனியாகப் பணம் தர வேண்டும். நீரைச் சேர்த்து எடையைக் கூட்டிக் காட்டும் தந்திரம் உடனே முளைக்கும் என்பதால் ஒவ்வொரு லோடிலும் ஈரப்பதத்தை அளக்க வேண்டும். தனித்தனியே சிறு மக்குக்கூடம் நடத்த இயலாத அண்டை ஊர்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றை நடத்தலாம். மழைக்காலத்துக்கென்று கூரையிட்ட படுகைகள் சிலவாவது எல்லா நிலையங்களிலும் வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றிச் செய்தி எழுதச் செல்லும் தங்கள் நிருபர்கள், கசடு வெளியேற்றப் பதிவேட்டையும் எடைமேடைச் சீட்டுகளையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். நிலையத்துக்கு வரும் நீரின் அளவைத் தெரிந்துகொண்டால், மேலே நான் போட்ட கணக்கை அவர்களே ஒரு தாளில் போட்டு ஒப்பிட்டுக்கொள்ளலாம். பாதி அளவு ஒத்துவந்தாலும் அந்த நிலையத்தில் யாரோ அக்கறையோடு வேலை பார்க்கிறார்கள் என்று எழுதலாம், அப்படிப்பட்டவர்களைப் பற்றியும் செய்தி வர வேண்டும். சீட்டுகள் இருந்தால், அவற்றில் குறிப்பிட்டுள்ள இடத்துக்கே ஒரு முறை போய்ப் பார்ப்பதும் நல்லது. பதிவேட்டைக் கேட்கும்போது கோடை மாதங்களுக்கு உரியதைக் காட்டி அனுப்பிவிட முயல்வார்கள், மழை மாதங்களுக்கு உரியதையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கழிவுநீர் ஆய்வக வேதியியலர்